555 புத்தகத்தில் ஒரு வேலை நாள்: கோலாலம்பூரில் அன்றாடத்தைக் குறித்துவைக்க முழு வழிகாட்டி

காலை 6.40. வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினால் வெளியே இன்னும் இருட்டு. தெருவிளக்கு எரிகிறது, எங்கோ ஒரு குயில் விடாமல் கூவுகிறது, பள்ளி வேன் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறது. இந்நேரத்துக்கு ஏன் இவ்வளவு இருட்டு என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்கள்கூடப் பெரும்பாலும் கேட்பதில்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 30 நிமிடம் முன்னே தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு இணைத்தார்கள். அன்றிலிருந்து நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. கோலாலம்பூரில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 7 மணியிலிருந்து 7.25-க்குள். உச்சிக்கு வருவது 1 மணிக்கும் 1.30-க்கும் நடுவில்.

கல்யாணத்தைப் படம் பிடிக்கிறோம், தைப்பூசத்தைப் படம் பிடிக்கிறோம். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை யாரும் பிடித்துவைப்பதில்லை. நாம் என்ன சொல்லித் தேநீர் கேட்டோம், அது என்ன விலை விற்றது, கடையில் யார் யாரை எந்த மொழியில் எப்படிக் கூப்பிட்டார்கள், மழை எத்தனை மணிக்கு இறங்கியது என்பதெல்லாம் பத்தே ஆண்டில் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். இந்த நகரத்துத் தமிழர்களின் வேலை நாள் எப்படி இருந்தது என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். பகலில் இருபது நிமிடமும் இரவில் பதினைந்து நிமிடமும் போதும். அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

புத்தகமும் பேனாவும்

மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதிய சின்ன 555 புத்தகத்தை நினைவிருக்கிறதா? அதுவே இதற்குச் சரியான அளவு. சட்டைப் பையிலும் கைப்பையின் ஓரத்திலும் அடங்கும், ஒரு கையில் பிடித்து எழுதலாம், விலை குறைவு. விலை குறைவு என்பது முக்கியம். தடித்த அட்டை போட்ட அழகான நாட்குறிப்பு வாங்கியவர்கள் அதில் கிறுக்கத் தயங்கி, மூன்றாம் நாளே மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுகிறார்கள். இது கிறுக்குவதற்கான புத்தகம்.

ஜெல் பேனா வேண்டாம். இந்த ஊர் ஈரத்திலும் வியர்வையிலும் மை பரவிவிடும். மழைத்துளி பட்டால் பக்கமே போய்விடும். சாதாரண உருள்முனைப் பேனா போதும், 2பி பென்சில் அதைவிட நல்லது. பென்சில் எழுத்து நனைந்தாலும் அழியாது. புத்தகம் நுழையும் அளவுக்கு ஒரு ஜிப் பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் சாமான்.

கைப்பேசியில் எழுதக்கூடாதா? எழுதலாம். ஆனால் எழுதத் திறந்த கைப்பேசியில் செய்தி ஒன்று வந்து நிற்கும், அதற்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் ரயில் அடுத்த நிலையத்துக்குப் போயிருக்கும். கைப்பேசியை இரண்டு காரியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மணி பார்க்க, ஆளில்லாத பொருள்களைப் படம் எடுக்க. விலைப் பலகை, சுவரொட்டி, தரை ஓடு போன்றவை.

ஒரு குறிப்பை எழுதும் முறை

இதுதான் வழிகாட்டியின் உயிர்நிலை. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று இருக்க வேண்டும்: மணி, பொருள், அளவு. அளவு என்றால் எண்ணிக்கை, நீளம், விலை, நேரம், எதுவாகவும் இருக்கலாம். முழம், சாண், விரற்கடை நன்றாகவே வேலை செய்யும். அளவுகோல் தேடி ஓட வேண்டியதில்லை. அளவு இல்லாத குறிப்பு ஒரு மாதம் கழித்து எதையும் சொல்லாது.

ஓரத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். கண்ணால் கண்டதற்கு ‘க’, காதால் கேட்டதற்கு ‘கே’, நீங்களாக நினைத்துக்கொண்டதற்கு ‘ஊ’, அதாவது ஊகம். இந்த மூன்றும் கலந்துவிடுவதுதான் முதல் வாரத்தில் எல்லாருக்கும் நடக்கும் தவறு. “கடைக்காரர் கோபமாக இருந்தார்” என்று எழுதுவீர்கள். கோபத்தை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்தது, அவர் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைத்ததை. அதை ‘க’ என்று எழுதுங்கள். கோபம் என்று தோன்றினால் அடுத்த வரியில் ‘ஊ’ போட்டு எழுதுங்கள். நாளைக்கும் அவர் சில்லறையை மேசையில்தான் வைக்கிறார் என்று தெரிந்தால், அது கோபம் இல்லை, அவர் பழக்கம் என்று உங்கள் புத்தகமே திருத்திவிடும்.

நான்கு சொற்களை எழுதவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்: பரபரப்பு, அழகு, எல்லாரும், வழக்கம்போல. இவற்றில் மிக மோசமானது ‘வழக்கம்போல’. அந்த வழக்கம் என்ன என்று கண்டுபிடிக்கத்தான் நாம் எழுதுகிறோம். அந்தச் சொல் அதை மூடி மறைத்துவிடுகிறது. “ரயிலில் வழக்கம்போலக் கூட்டம்” என்பதற்குப் பதில், “என் எதிர் வரிசையில் 7 பேர், 6 பேர் கையில் கைப்பேசி, ஒருவர் கண்மூடி இருக்கிறார்” என்று எழுதுங்கள். எண்ணுவதற்குப் பத்து வினாடி ஆகும்.

நாளுக்கு ஏழு குறிப்பு போதும். முதல் நாள் உற்சாகத்தில் முப்பது எழுதுகிறவர்கள் வெள்ளிக்கிழமை வரை தாங்குவதில்லை.

நிற்கும் இடங்களைத் தேர்ந்துகொள்வது

புதிது புதிதாக இடம் தேடாதீர்கள். நீங்கள் தினமும் எப்படியும் நிற்கும் ஐந்து இடங்களை எடுத்துக்கொண்டு, அங்கே மட்டும் பாருங்கள். வீட்டு வாசல், ரயில் மேடை, தேநீர்க் கடை, அலுவலக மின்தூக்கி, மாலையில் மழைக்கு ஒதுங்கும் இடம். ஒரே இடத்தை ஒரே நேரத்தில் இருபது நாள் பார்த்தால்தான் இருபத்தோராம் நாள் மாறியது கண்ணில் படும். புதிய இடத்தில் எல்லாமே புதிதாகத் தெரியும், அதனால் எதுவும் தெரியாது.

நடந்துகொண்டே எழுதாதீர்கள். மின்படிக்கட்டில் எழுதாதீர்கள். தூணோரம் ஒதுங்கி நின்று, மூன்று வரி எழுதி, நடையைக் கட்டுங்கள். ஓர் இடத்தில் கண்டதை அடுத்த இடத்துக்குப் போவதற்குள் எழுதிவிட வேண்டும். அலுவலகம் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் நிறமும் எண்ணும் முதலில் போய்விடும், கருத்து மட்டும் மிஞ்சும்.

வாசலில் ஒரு நிமிடம்: வானத்தின் நிறம், தெருவிளக்கு எரிகிறதா அணைந்ததா, தரை ஈரமா. காலையிலேயே மழை என்றால் மாதத்தைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அப்போது மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரிசையாக வரும் புயல்மேகங்கள் விடியலுக்கு முன்னும் காலையிலும் கொட்டிவிட்டுப் போகும். இதைச் சுமத்ராக் காற்று என்பார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பெய்வது வேறு மழை, மாலை மழை. அதைப் பிறகு பார்ப்போம்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில் ஓட்டுநர் கிடையாது. முன் பெட்டியின் முகப்புக் கண்ணாடி அருகே நின்றால் தண்டவாளம் உங்களை நோக்கி வருவது அப்படியே தெரியும். கே.எல். சென்ட்ரலில் ஏறி பசார் செனி வரும்போது ரயில் மேலே ஓடுகிறது, பக்கத்தில் கிள்ளான் ஆறு. ஆற்று நீரின் நிறத்தைத் தினமும் இங்கே குறிக்கலாம். கரைச் சுவரின் ஈரக்கோடு நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஈரக்கோடு உயரத்தில் இருந்து நீர் தணிந்திருந்தால் சில மணி நேரத்துக்கு முன் ஆறு ஏறி இறங்கியிருக்கிறது. பசார் செனியைத் தாண்டியதும் ரயில் நிலத்துக்கடியில் இறங்கும். மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கேஎல்சிசி, அம்பாங் பார்க் எல்லாம் சுரங்க நிலையங்கள். சுரங்கத்துக்குள் நுழைந்த நொடியில் ஜன்னல் கண்ணாடியாகிவிடும். பெட்டியில் இருப்பவர்களை நேரே உற்றுப் பார்ப்பது நாகரிகமில்லை. கண்ணாடியில் தெரியும் கைகளையும் காலணிகளையும் பைகளையும் பார்க்கலாம். முகத்தை விட்டுவிடுங்கள். கைகள் போதும்.

தேநீர்க் கடை: பத்து நிமிடம் இங்கே

நாளின் மிக வளமான இடம் இதுதான். ஐந்து இடங்களுக்கும் சமமாக நேரம் ஒதுக்காதீர்கள், இங்கே பாதியைச் செலவிடுங்கள்.

முதலில் கையைப் பாருங்கள். தே தாரேக் ஆற்றுகிறவர் துணி வடிகட்டியிலிருந்து சாயத்தை இறக்குகிறார். குவளையின் அடியில் கெட்டியான இனிப்புப் பால் படிந்திருக்கிறது. அது கனமானது, தானாகக் கலக்காது. அதனால்தான் ஆற்றுகிறார். ஒரு கை தலைக்கு மேல் போகும், மற்றது இடுப்புக்குக் கீழ் இறங்கும், இடையில் தேநீர் ஒரு கயிறாக நிற்கும். இந்த இழுப்பில் மூன்று வேலை நடக்கிறது: பால் கலக்கிறது, சூடு குறைகிறது, நுரை எழும்புகிறது. குறிக்க வேண்டியவை: எத்தனை இழுப்பு, மேல் குவளை எந்த உயரத்துக்குப் போனது, கோப்பையில் நுரை எத்தனை விரற்கடை, மேசையில் எவ்வளவு சிந்தியது. கூட்ட நேரத்தில் இழுப்பு குறையும், நுரையும் குறையும். காலை 7.30-க்கு எத்தனை, 10.30-க்கு எத்தனை என்று இரண்டு வாரம் எண்ணினால் கடையின் நெரிசலை நுரையிலேயே அளந்துவிடலாம்.

பிறகு காது. ‘தே’ என்றால் பாலும் சீனியும் சேர்ந்தது. ‘தே ஓ’ பால் இல்லாதது. ‘தே சி’ ஆவிப்பால் விட்டது. ‘கோசோங்’ என்றால் சீனி வேண்டாம், ‘கூராங் மானிஸ்’ என்றால் சீனி கம்மி, ‘காவ்’ என்றால் சாயம் தூக்கல். கட்டிக்கொண்டு போக ‘புங்குஸ்’ அல்லது ‘தாப்பாவ்’. பையில் கட்டுவதிலும் இரண்டு வகை: உறிஞ்சுகுழல் நிற்க ஓரமாகக் கட்டுவது ‘ஈக்காட் தெப்பி’, வாயை இறுக்கி முடிவது ‘ஈக்காட் மாத்தி’. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். “ஒரு தேநீர், சர்க்கரை குறைவாக, எடுத்துச் செல்ல” என்று திருத்தி எழுதினால் நீங்கள் எழுதியது எந்த ஊர் என்றே தெரியாது. “அண்ணே, தே ஓ ஐஸ் ஒன்னு தாப்பாவ், கூராங் மானிஸ்” என்று எழுதினால் கோலாலம்பூர் அப்படியே இருக்கும். நல்ல தமிழ் மீது பற்றுள்ளவர்கள்தான் இந்தத் தவறை அதிகம் செய்கிறார்கள். நல்ல தமிழை உங்கள் வரியில் எழுதுங்கள். மற்றவர் பேச்சை மேற்கோள் குறிக்குள் அவர் வாயில் வந்தபடியே விடுங்கள்.

கூப்பிடும் சொற்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இந்த ஊரில் அண்ணே என்று தமிழர் மட்டும் கூப்பிடுவதில்லை. சீனரும் மலாய்க்காரரும் கூப்பிடுகிறார்கள். நாமும் அபாங் (மலாயில் அண்ணன்), காக்கா (மலாயில் அக்கா), அங்கள், ஆண்ட்டி, பாஸ் என்று ஆளுக்கேற்ப மாற்றுகிறோம். ஒரு கடையில் பத்து நிமிடத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். நான்கு நிற்கும் கோடு, ஐந்தாவது குறுக்கே. ஒரே கல்லாக்காரர் மூன்று மொழியில் நான்கு உறவுமுறையாவதைக் காண்பீர்கள். இது எந்தக் கணக்கெடுப்பிலும் வராத கணக்கு.

விலையை மறக்காதீர்கள். மாதத்தின் முதல் வேலை நாளில் ரொட்டி சானாய், தே தாரேக், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் மூன்றின் விலையையும் எழுதுங்கள். பொட்டலத்தில் முட்டை முழுதா, பாதியா, கால்வாசியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விலை ஏறாமல் முட்டை குறைவதும் உண்டு, அதை விலைப் பலகை சொல்லாது.

காலடியில் தெரிவது

பழைய கடைத்தெருக்களில், ஜாலான் துன் எச்.எஸ். லீ போன்ற இடங்களில், கடைக்கு முன்னால் கூரையிட்ட நடைவழி ஓடும். காக்கி லீமா என்போம். ஏறக்குறைய ஐந்தடி அகலம், அதனால் அந்தப் பெயர். 1881-இல் ஊரை ஒரு தீயும் ஒரு வெள்ளமும் அழித்த பிறகு, மரமும் அத்தாப்பு ஓலையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கல் சுட்ட இடத்தின் பெயர்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். காக்கி லீமாவில் கடைக்குக் கடை தரை மட்டம் மாறும், ஓடும் மாறும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை படி ஏறி இறங்குகிறீர்கள் என்று ஒரு தடவை எண்ணுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்த எண்ணிக்கை என்ன ஆகும் என்று தானாகப் புரியும்.

பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அதனால் நடைபாதைகளில் மஞ்சள் தொடுதடம் பதித்திருக்கிறார்கள். நீளக் கோடுள்ள ஓடு ‘நேரே போ’ என்கிறது. புள்ளி ஓடு ‘நில், கவனி’ என்கிறது. வெள்ளைக் கோலின் நுனி அதைப் படித்துக்கொண்டு போகும். நூறு அடி தூரம் அந்தத் தடத்தைப் பாருங்கள். எத்தனை ஓடு உடைந்திருக்கிறது, எத்தனை இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, எங்கே கடையின் நாற்காலி மேலே ஏறியிருக்கிறது. இதை ஐந்து நாள், ஒரே மணியில், இடத்தோடு குறித்தால் அது வெறும் குறிப்பு இல்லை. கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்குப் புகார் எழுத அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ‘எப்போதும் மறிக்கிறார்கள்’ என்று எழுதும் புகாரைவிட, நாளும் மணியும் கடை எதிரே உள்ள கம்பத்தின் எண்ணும் எழுதிய புகாருக்குப் பதில் சொல்வது அவர்களுக்கும் எளிது.

அலுவலக மின்தூக்கியில் அதிகம் சொல்வதற்கில்லை. பொத்தான்களைப் படியுங்கள்: பல கட்டடங்களில் 4 இருக்காது, 3ஏ இருக்கும், 14 இருக்காது, 13ஏ இருக்கும். சீன மொழியில் நான்கின் ஒலி சாவின் ஒலிக்கு நெருக்கம், அதனால். வியாழக்கிழமை பாத்தேக் சட்டைகளை எண்ணலாம். அரசு ஊழியர்கள் அன்று பாத்தேக் உடுத்துவது வழக்கமானதால் மற்ற அலுவலகங்களிலும் பரவியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய இடைவேளை நீளும், அன்று கூட்டத்தின் நேரமே மாறும். அதனால் வெள்ளியின் எண்ணிக்கையைத் திங்களோடு ஒப்பிடாதீர்கள். வெள்ளியை வெள்ளியோடு ஒப்பிடுங்கள்.

சாலைச் சந்திப்பில் காத்திருக்கும் நேரத்துக்கு வண்டி எண் தட்டு. முழு எண்ணை எழுதக் கூடாது, முதல் எழுத்து மட்டும். டபிள்யூ-வும் அது தீர்ந்தபின் வந்த வி-யும் கோலாலம்பூர், பி (B) சிலாங்கூர், ஏ பேராக், பி (P) பினாங்கு, என் நெகிரி செம்பிலான், ஜே ஜோகூர். சிவப்பு விளக்கில் நிற்கும் முதல் இருபது வண்டியை எண்ணுங்கள். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்தைய வாரத்தில் இதே எண்ணிக்கையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

உச்சி வெயிலில் ஒரு பேனா

மதியம் சாப்பிடப் போகும்போது செய்யக்கூடிய மிக எளிய அளவை இது. 15 செ.மீ. பேனாவைச் சமதளத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், அதாவது 1-லிருந்து 1.30-க்குள், நிழலின் நீளத்தை விரலால் அளங்கள்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைதான். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். பேனாவுக்கு நிழலே இருக்காது. டிசம்பர் கடைசியில் நிழல் வடக்கே 7.5 செ.மீ. நீளும். ஜூனில் தெற்கே ஐந்தரை செ.மீ. இந்த ஊரில் காலம் மாறுவதில்லை, வருஷம் முழுக்க ஒரே வெயில் என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பேனா பதில் சொல்லும். நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று எழுத மறந்துவிட்டால் அளவே வீண். முதல் வாரத்தில் பலர் தவறுவது இங்கேதான்.

மாலை மழை

ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை ஓர் ஒழுங்கோடு வரும். காலை வெயில் நிலத்தைச் சுடுகிறது, ஈரக்காற்று மேலே எழுகிறது, மதியத்துக்குமேல் மேகம் கோபுரமாகக் கட்டுகிறது, வீடு திரும்பும் நேரத்தில் கொட்டுகிறது. மழை வந்தபின் எழுதுவது எளிது. வருவதற்கு முந்தைய அரை மணியை எழுதுங்கள்.

தூங்குமூஞ்சி மரம் தெரியும் ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். வெளிச்சம் மங்கினால் அதன் இலைகள் மடிந்துகொள்ளும். மலாயில் இதற்குப் ‘புக்குல் லீமா’, ஐந்து மணி மரம், என்று ஒரு பெயர் உண்டு. மேகம் கறுத்தால் ஐந்துக்கு முன்பே மடியும். எத்தனை மணிக்கு மடிந்தது என்பதுதான் குறிப்பு. அடுத்தது காற்று: வெக்கை சட்டென்று விலகி, குளிர்ந்த காற்று ஒன்று குப்பையைத் தூக்கிக்கொண்டு வரும். அந்தக் காற்றுக்கும் முதல் துளிக்கும் எத்தனை நிமிடம்? மழை மேகத்திலிருந்து கீழே விழுந்து பரவும் காற்று அது. துளி பின்னாலேயே வரும்.

மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். ஆறு வினாடியில் இடி கேட்டால் இரண்டு கிலோமீட்டர். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மழை உங்களை நோக்கி வருகிறது. அப்படிக் குறையும்போது புத்தகத்தை ஜிப் பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். திறந்த வெளியிலும் மரத்தடியிலும் நின்று இதை எண்ணக் கூடாது.

பெய்யத் தொடங்கியதும் மேம்பாலத்துக்கடியில் மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கும். யார் மழைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள், யார் நின்று காத்திருக்கிறார்கள், உணவு கொண்டுபோகும் பையோடு இருப்பவர்கள் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வேலையின் கட்டாயம் அந்த நிமிடக் கணக்கில் தெரியும். பெருமழை என்றால் 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தின் வண்டிப் பாதையை மூடிவிட்டு வெள்ளத்தை அதன் வழியே திருப்புவார்கள். அன்றைக்குச் சாலையில் ஏன் இத்தனை நெரிசல் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். செய்தியில் கேட்டால் ‘கே’ போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை பசார் செனியில் ஆற்றின் ஈரக்கோட்டை அதோடு சேர்த்துப் படியுங்கள்.

எழுதக் கூடாதவை

தனி மனிதர்களின் பெயர், தொலைபேசி எண், முழு வண்டி எண், காதில் விழுந்த குடும்பச் சங்கதி எதையும் எழுதாதீர்கள். நீலச் சட்டை, பள்ளிப் பை, வெள்ளி மோதிரம் என்று அடையாளம் போதும். குழந்தைகளைப் படம் எடுக்கவே கூடாது. ‘காவாசான் லாராங்கான்’, அதாவது தடைசெய்த பகுதி, என்ற சிவப்புப் பலகை தெரிந்தால் புத்தகமும் கைப்பேசியும் பைக்குள் போகட்டும். யாராவது ‘என்ன எழுதுறீங்க?’ என்று கேட்டால் மறைக்காமல் பக்கத்தைக் காட்டுங்கள். காட்டக் கூச்சமாக இருக்கும் எதையும் எழுதியிருக்கக் கூடாது என்பதுதான் நல்ல அளவுகோல். கடையில் வேலை செய்யும் அண்ணன் உங்கள் நுரைக் கணக்கைப் பார்த்தால் அவரே நாளைக்கு நீங்கள் கேட்காத விவரம் நான்கு சொல்வார்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும்

மாதிரிக்கு ஒன்று, அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய்:

6.41 க: வாசல். தெருவிளக்கு எரிகிறது. குயில், ஒரு நிமிடத்தில் 9 கூவல். தரை காய்ந்திருக்கிறது.
7.18 க: பசார் செனி. ஆறு கலங்கல். ஈரக்கோடு நீருக்கு ஒரு முழம் மேலே. ஊ: இரவில் ஆறு வரும் மேட்டுப் பக்கம் மழை. நம் பக்கம் இல்லை.
7.50 க: கடை. 5 இழுப்பு, நுரை ஒரு விரற்கடை. நேற்று 8 இழுப்பு.
7.54 கே: சீனப் பெண், “அண்ணே, தே சி கோசோங், ஈக்காட் தெப்பி.” அண்ணன், “சரிம்மா.”
1.02 க: பேனா 15, நிழல் 3 செ.மீ., வடக்கே.
4.25 க: தூங்குமூஞ்சி மடிந்தது. 4.41 குளிர்காற்று. 4.47 முதல் துளி.
5.50 க: மேம்பாலத்தடியில் 14 மோட்டார் சைக்கிள். உணவுப் பை உள்ளவர் 3 பேர், மூவரும் 4 நிமிடத்துக்குள் கிளம்பினர்.

இதில் அழகான வாக்கியம் ஒன்றும் இல்லை, இருக்கவும் வேண்டாம். வாக்கியம் இரவுக்கு.

இரவு சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம். ஏழு குறிப்பையும் பெயர்த்து எழுத வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்து, வேறொரு பெரிய நோட்டில் ஐந்தாறு வரியாக விரியுங்கள். எது கண்ணுக்குள் இன்னும் நிற்கிறதோ அது. எண்கள் புத்தகத்தில் இருப்பதால், விரிக்கும்போது கற்பனையைக் கலக்க வேண்டிய தேவை வராது. எது நினைவில்லையோ அதை விட்டுவிடுங்கள், நிரப்பாதீர்கள்.

மாதக் கடைசியில் எல்லாப் பக்கத்தையும் ஒரே மூச்சில் படியுங்கள். மூன்று தடவைக்குமேல் வந்தது எது, ஒரே தடவை வந்தது எது என்று இரு நிறத்தில் கோடு போடுங்கள். திரும்பத் திரும்ப வந்தது உங்கள் நகரத்தின் ஒழுங்கு. ஒரே தடவை வந்ததைப் பற்றி அடுத்த மாதத்துக்கு ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: அந்த மூன்று பேர் நான்கு நிமிடத்தில் கிளம்பியது அன்றைக்கு மட்டுமா?

இடையில் நாட்கள் விட்டுப்போகும். விட்டுப்போன நாளை நினைவிலிருந்து எழுதி நிரப்பாதீர்கள். தேதி போட்டு, ‘எழுதவில்லை’ என்று ஒரு வரி. ஏன் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்: காய்ச்சல், கணக்கு முடிப்பு, பிள்ளைக்குப் பரீட்சை.

புத்தகம் தீர்ந்ததும் அட்டையில் முதல் தேதியையும் கடைசித் தேதியையும் எழுதுங்கள். இந்த ஊர் ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி அரிக்கும். வெயிலில் காயவைத்தால் மை வெளிறும், அதனால் காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் விரித்து வையுங்கள். பிறகு மருந்துப் புட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இரண்டைச் சேர்த்து ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். அந்தப் பொட்டலங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.